கோணேசர் தெருவுக்கு வந்த மாசி மாசம்

சின்ன வயசுல இருந்து எங்க ஊர் கோயில்ல ஓதுவார் "கோணமாமலை அமர்ந்தாரே"னு பாடக் கேட்டு வளர்ந்தவன் நான், தஞ்சாவூர் பக்கம், வேலைக்காக திருகோணமலை வந்து அதே மலைல, கோணேசர்ங்கிற சிவன் கோயில்ல உக்காந்து சிவராத்திரி நாலு சாமமும் பாக்கக் குடுத்து வச்சிருக்கணும். சம்பந்தர் கடல் தாண்டி வரல, ராமேஸ்வரத்துல இருந்தே பாடினார்னு சொல்லுவாங்க. ஆனா "குரைகடல் ஓதம்"னு பாடினாரே, அந்தக் கடல் சத்தம் மூணாம் சாமத்துல கூட்டம் கொஞ்சம் அடங்கினப்ப பாறைக்குக் கீழ இருந்து வந்துச்சு, உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு எனக்கு.

கோயிலுக்குப் போற வழியே பிரெட்ரிக் கோட்டை வாசல்தான், உள்ள புள்ளிமான் எல்லாம் சாதாரணமா சுத்தும். 1622ல போர்த்துக்கீசர் பழைய கோயில இடிச்சு அந்தக் கல்லையே கோட்டை கட்ட எடுத்தாங்க. 1950ல கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ள இருந்து ஐம்பொன் விக்கிரகங்கள் கிடைச்சுது, 1963ல புதுக்கோயிலுக்குக் கும்பாபிஷேகம். முந்நூறு வருஷத்துக்கு மேல கோயில் இல்லாமலே இந்த ஜனங்க மலைய விடலங்கிறத நெனச்சா கை தானா கூப்புது.

ஆனா என்னை நிஜமா உருக்கினது சிவராத்திரி முடிஞ்சு நடக்கிற நகர்வலம்தான். கோணேசரும் மாதுமை அம்பாளும் மலைய விட்டு இறங்கி ஊருக்குள்ள வர்றாங்க, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பக்கம். எங்க தெருவுக்கு வர்ற அன்னிக்கு சாயந்திரமே எல்லா வாசலும் கூட்டித் தண்ணி தெளிச்சாச்சு. வீட்டுக்கார அக்கா மேசைல வெள்ளைத்துணி விரிச்சு, வாழையிலை போட்டு நெல்லு பரப்பி, அதுமேல நிறைகுடம், மாவிலை, தேங்காய், ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு, பக்கத்துல பன்னீர்ச்செம்புன்னு பாத்துப் பாத்து வச்சாங்க. நான் தள்ளி நின்னேன். "என்ன தம்பி அங்க நிக்கிறீங்கள், நீங்களும் எங்கட வீட்டு ஆள்தானே, வந்து விளக்கக் கொளுத்துங்கோ"ன்னாங்க. கொளுத்தினேன். காத்துல திரி அணையப் பாத்துச்சு, அக்கா பொண்ணு கையால மறைச்சுப் பிடிச்சுக்கிட்டா.

நாதஸ்வரம் கேட்டு கொஞ்ச நேரத்துல சுவாமி எங்க வாசல்லயே நின்னார், ஐயர் தீபம் காட்டி விபூதி குடுத்தார். ஊர்ல அம்மா எனக்காக தினம் அர்ச்சனை பண்றாங்க, இங்க சாமியே நான் இருக்கிற வாசலுக்கு வந்துட்டார், போன்ல சொன்னேன், அம்மா அழுதுட்டாங்க.

அடுத்த மாசிக்கு அம்மாவக் கூட்டிட்டு வரணும். அக்காகிட்ட இப்பவே சொல்லி வச்சாச்சு.