கெட்டுப்போன பீர் இல்லீங்க, அதுதான் பீர்!

ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில், டொமினிகானர் தெருவிலுள்ள ஷ்லெங்கர்லா மதுவிடுதியில் தினமும் நடக்கும் கூத்து இது. புதிதாக வந்தவர் கருகருவென்று இருக்கும் அரை லிட்டர் பீரை ஆசையாக வாங்குவார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை மோந்து பார்ப்பார். பிறகு, பக்கத்துத் தட்டில் புகைபோட்ட பன்றிக்கறி இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். ஊசிப்போனதைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று முகத்திலேயே எழுதியிருக்கும். பரிமாறுகிறவர் கண்டுகொள்ளவே மாட்டார்.

பீரில் அடிக்கும் அந்தப் புகை வாசனை மால்ட்டிலிருந்து வருவது. முளைகட்டிய பார்லியைக் காயவைக்கும்போது அடியில் பீச் மரக்கட்டையை எரிப்பார்கள். புகை தானியத்துக்குள் புகுந்துதான் வெளியேறும். ஒரு காலத்தில் மரத்தீயில் மால்ட் காயவைத்த ஊரிலெல்லாம் இதே கதைதான். புகை படாமல் சூடு மட்டும் போகும் உலைகள் வந்ததும் மற்றவர்கள் மாறிவிட்டார்கள். பாம்பெர்க்கில் ஷ்லெங்கர்லாக்காரர்களும், 1536இல் தொடங்கிய ஷ்பெட்சியால் என்ற பீர் ஆலைக்காரர்களும் அசையவில்லை.

"புகையில்லாதது கொடுங்க" என்று விவரமாகக் கேட்பவர்களும் உண்டு. ஹெல்லஸ் வரும். வெளிர் நிறம், 4.3 சதவீத ஆல்கஹால், புகைபோட்ட மால்ட் துளியும் கிடையாது. ஆனால் காய்ச்சுவது அதே கொப்பரை, புளிக்கவைப்பது அதே ஈஸ்ட். வாசனை அதிலும் தொற்றிக்கொண்டு வந்து நிற்கும்! அதற்கு 5.1 சதவீத மெர்ட்சனையே, அதாவது அந்தக் கருகரு புகை பீரையே, குடித்துவிடலாம். மூன்று கோப்பை தாண்டினால்தான் ருசி தெரியும் என்பார்கள் உள்ளூர்க்காரர்கள். வியாபாரப் பேச்சு மாதிரி இருந்தாலும் விஷயம் இருக்கிறது: மூக்குக்குப் புகை பழகிய பிறகுதான் மால்ட்டின் இனிப்பு மேலே வரும்.

1405இல் இந்த வீடு ஆவணத்தில் ஏறியபோது பெயர் 'நீலச் சிங்கம்'. கம்பீரமான பெயர்தான், நிலைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட்ரியாஸ் கிராசர் என்ற முதலாளி கையை ஆட்டி ஆட்டி ஒரு தினுசாக நடப்பாராம். ஊர் வைத்த பட்டப்பெயர் ஷ்லெங்கர்லா. சிங்கம் போய், நடை போர்டில் ஏறிவிட்டது.

உட்கார இடமில்லாதவர்கள் நுழைவாசல் நடையில் நின்றே குடிப்பார்கள். பீர் மரப்பீப்பாயிலிருந்து தன் எடையாலேயே இறங்குகிறது, வாயு கொடுத்துத் தள்ளுவதில்லை. அதனால் மேலே காற்றுத்துளை திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் குழாய் மூச்சுவிடாது. பீப்பாய் தீரப்போகும்போது ஓட்டம் மெலியும். சாய்த்துப் பிடித்தால் நுரைதான் அதிகம் வரும். விவரம் தெரிந்தவர்கள் அந்த நேரத்தில், "நீங்க முதல்ல வாங்கிக்கோங்க" என்று பின்னால் நிற்பவருக்குப் பெருந்தன்மையாக வழிவிடுவார்கள்.