அந்த ஃபைலைக் கொடுத்திருக்கலாமா?

"அப்ப, இங்க படிச்சத எதுல போட்டுப் பாக்கிற சேர்?" மட்டக்களப்பிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த அந்தப் பெண் கோபமாகக் கேட்கவில்லை, லேப்டாப்பை மூடிக்கொண்டே கேட்டார். நானும் வழக்கமான பதிலைத்தான் சொன்னேன்: "முறைப்படி விண்ணப்பம் போடுங்கம்மா, அனுமதி வந்தா அனுப்பி வைக்கிறேன்."

அவர் கேட்டது ஒரே ஒரு ஃபைல். நம் கரையில் ஒரு துறைமுகத்தில், ஒரு புயல் வாரத்தில், மணிக்கு மணி பதிவான கடல்மட்டம். வாரம் முழுக்க எல்லோரும் பழகியதே அதை வைத்துத்தான். வழக்கமான ஓதம், அதாவது கடலின் அன்றாட ஏற்ற இறக்கம், எவ்வளவு என்று கணக்கிட்டு, பதிவான மட்டத்திலிருந்து கழித்தால் வரைபடத்தில் ஒரு மேடு மிஞ்சும், அதுதான் புயல் ஏற்றிவிட்ட தண்ணீர். அந்த மேடு தன் திரையில் வந்ததும் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்துவிட்டு ராமநாதபுரம் பக்கம் கரையேறிய புயலைப் பற்றி அவர் வீட்டில் இன்னும் பேசுவார்களாம்.

ஃபைல் என் சொத்து இல்லை. அலுவலக உபயோகத்துக்கு மட்டும் என்று எழுதி வாங்கியது, கையெழுத்துப் போட்டவன் நான், நாளைக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான். சும்மா கைவிரிக்கவும் இல்லை. சென்னையின் மாத சராசரிக் கடல்மட்டம் உலகக் கடல்மட்டப் பதிவுகளைச் சேர்த்துவைக்க லிவர்பூலில் 1933லிருந்து இயங்கும் நிலையத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று காட்டினேன். ஆனால் சில மணி நேரத்தில் ஏறி வடிகிற தண்ணீர் மாத சராசரியில் எங்கே தெரியப்போகிறது? அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே. அவர் ஒன்றும் பேசாமல் குறித்துக்கொண்டார்.

பயிற்சி நடத்துவதற்கு ஆதரவு இல்லாமல் இல்லை. ஜப்பானில் கோபேயிலிருந்து இயங்கும் ஆசிய-பசிபிக் ஆராய்ச்சி வலையமைப்பு 2003லேயே திறன் வளர்ப்புக்கென்று தனித் திட்டம் தொடங்கிவிட்டது (எங்கள் பயிற்சி அதன் கீழ் வராது). தரவு என்றதும்தான் ஆளாளுக்குப் பெட்டியைப் பூட்டிக்கொள்கிறோம். அவர் ஊரில் நான் போய்க் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். இதுவும் சமாதானம்தான், தெரிகிறது.

அறிக்கையில் 'பங்கேற்பாளர்கள் தாமாகவே ஆய்வு செய்யும் திறன் பெற்றனர்' என்று எழுதியதும் நான்தான். அது பொய்யில்லை, அந்த மேட்டை அவர் தானாகத்தான் கண்டுபிடித்தார்.

அடுத்த பயிற்சிக்குக் கம்ப்யூட்டரே உருவாக்கிய பொய்த் தரவை வைத்துக்கொள்ளலாம், அனுமதித் தொல்லை இருக்காது என்கிறார் இயக்குநர். சரி சார் என்று சொல்லிவிட்டேன்.