சாப்பிடாத சர்க்கரை காலையில் எங்கிருந்து வந்தது?

"ராத்திரி ரெண்டே ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன். காலைல ஃபாஸ்டிங் 148 காட்டுது. மெஷின்லதான் ஏதோ கோளாறு." சென்னையில் எந்த லேபுக்குப் போனாலும் காலை ஏழு மணி வரிசையில் இந்தப் புலம்பல் காதில் விழும். பெரும்பாலும் மெஷின் மீது தப்பில்லை, இட்லி மீதும் தப்பில்லை. அந்த 148 கல்லீரல் இரவெல்லாம் விழித்திருந்து போட்ட கணக்கு.

எந்த நேரத்திலும் நம் ரத்தம் முழுவதிலும் சேர்த்து ஐந்து கிராம் அளவுக்குத்தான் குளுக்கோஸ் இருக்கும். ஒரு டீஸ்பூன். மூளை மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு அவ்வளவைத் தின்றுவிடும். யாராவது தொடர்ந்து ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் நாம் உயிரோடு எழுந்திருக்க முடியும். கல்லீரல் ஊற்றுகிறது: உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 2 மில்லிகிராம். அறுபது கிலோ ஆளுக்கு மணிக்கு ஏழு கிராம், எட்டு மணி நேரத் தூக்கத்தில் பதினொரு டீஸ்பூன் சர்க்கரை. இந்தக் குழாய் சற்றே கூடுதலாகத் திறந்திருந்தாலும் பட்டினியிலேயே சுகர் ஏறும்.

குழாயைத் திறப்பதும் மூடுவதும் நொதிகள், அதாவது செல்லுக்குள் வேதிவேலைகளை நடத்தும் என்சைம்கள். சரக்கு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, குளுக்கோஸைக் கோத்துக் கல்லீரலில் சேமித்திருக்கும் கிளைக்கோஜன். வயிறு நிறைந்த நிலையில் சுமார் 100 கிராம். இன்னொன்று, லாக்டேட், அலனின், கிளிசரால் போன்றவற்றிலிருந்து புதிதாகச் செய்யப்படும் குளுக்கோஸ். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு காலை வரை போனால் இரண்டும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி.

கிளைக்கோஜனை உடைப்பது பாஸ்பாரிலேஸ். கணையத்திலிருந்து சுகரை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககான் வந்து கல்லீரல் செல்லைத் தட்டியதும் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறு உயரும்; அது கைனேஸ் என்ற, பாஸ்பேட் ஒட்டும் நொதிகளை எழுப்பும்; அவை பாஸ்பாரிலேஸ் மீது ஒரு பாஸ்பேட்டை ஒட்டும்; உடைக்கும் வேலை தொடங்கும். அதே கைனேஸ் கிளைக்கோஜனைக் கட்டும் நொதியான சிந்தேஸ் மீதும் பாஸ்பேட்டை ஒட்டுகிறது, ஆனால் அங்கே விளைவு நேர் எதிர்: வேலை நின்றுவிடும். இல்லாவிட்டால் ஒரு கை கட்ட, மறு கை இடிக்க, சக்திதான் வீண்.

உடைத்து வருவது கடைசியில் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டாக நிற்கும். பாஸ்பேட் ஒட்டிய குளுக்கோஸ் செல்லை விட்டு வெளியேறாது. அதை வெட்டி எடுக்க குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டேஸ் வேண்டும். கல்லீரலில் உண்டு, சிறுநீரகத்தில் உண்டு, தசையில் கிடையாது. அதனால்தான் தசை கல்லீரலைவிடப் பல மடங்கு கிளைக்கோஜன் வைத்திருந்தும் ரத்தத்துக்கு ஒரு துளி குளுக்கோஸ் தருவதில்லை. இந்த ஒரு நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் உண்டு. வான் கியர்க்கி நோய் என்பார்கள். கல்லீரல் வீங்கும், மூன்று நான்கு மணி நேரம் பால் தவறினாலே சுகர் சரியும். வைத்தியமாகத் தருவது சமையலறையில் இருக்கும் சோளமாவுதான், ஆனால் பச்சையாக, சாதாரணத் தண்ணீரில் கரைத்து. காய்ச்சிக் கஞ்சியாக்கினால் சீக்கிரமே செரித்துவிடும், கொடுத்த பயன் போய்விடும்.

புதிதாகச் செய்யும் வழியில் இரண்டு நொதிகளைச் சொன்னால் போதும். முதலாவது, உற்பத்தியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ரக்டோஸ்-1,6-பிஸ்பாஸ்பேட்டேஸ். இதை அடக்கி வைப்பது ஃப்ரக்டோஸ்-2,6-பிஸ்பாஸ்பேட் என்ற சின்ன மூலக்கூறு. 1980-இல்தான் பெல்ஜியத்தில் கண்டுபிடித்தார்கள். இன்சுலின் வந்தால் இது பெருகும், உற்பத்தி அடங்கும். குளுக்ககான் வந்தால் இது குறையும், உற்பத்தி கிளம்பும்.

இரண்டாவது பைருவேட் கார்பாக்சிலேஸ். லாக்டேட்டும் அலனினும் முதலில் பைருவேட்டாக மாறும்; அதைக் குளுக்கோஸ் வழியில் ஏற்றிவிடுவது இந்த நொதி. தொப்பைக்கும் காலைச் சுகருக்கும் உள்ள உறவு இங்கேதான் இருக்கிறது. அசிட்டைல் கோஏ என்ற மூலக்கூறு இருந்தால்தான் இது ஓடும். பட்டினியில் அது வருவது கொழுப்பு எரிவதிலிருந்து. இன்சுலினுக்குக் கொழுப்புச் செல்கள் கட்டுப்படாமல் போனால் இரவெல்லாம் கொழுப்பமிலம் கல்லீரலுக்குள் கொட்டும், அசிட்டைல் கோஏ உயரும், நொதி நிற்காமல் ஓடும்.

இதன் மறுபக்கம் பீகாரின் முசாஃபர்பூரில் தெரிந்தது. லிச்சிப் பழத்திலுள்ள நச்சு, கொழுப்பு எரிவதைத் தடுக்கும். ராத்திரி சாப்பிடாமல் படுத்த மெலிந்த குழந்தைகளுக்குக் கிளைக்கோஜனும் காலி, அசிட்டைல் கோஏவும் இல்லை. விடியலில் சுகர் பாதாளத்துக்குப் போய் வலிப்பு வந்தது. 2014-இல் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது.

வெறும் வயிற்றில் ஒரு குவார்ட்டர் போடுபவருக்கும் உற்பத்தி இப்படித்தான் படுத்துவிடும், காரணம் வேறு. சாராயத்தை உடைக்கும் நொதி, செல்லில் வேதிவேலைகளுக்குத் துணைநிற்கும் என்ஏடி என்ற மூலக்கூறை எல்லாம் என்ஏடிஹெச் ஆக்கிவிடும். பைருவேட் லாக்டேட்டாகத் திரும்பிவிடும். குளுக்கோஸ் செய்யச் சரக்கு இருக்காது. கூடவே இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிமெபிரைடு மாத்திரையும் போட்டிருந்தால் விடியற்காலையில் ஆள் உளறுவார். வீட்டில் போதை என்று விட்டுவிடுவார்கள். குளுக்ககான் ஊசியும் இவருக்குச் சரியாகக் கைகொடுக்காது; அது உடைக்க வேண்டிய கிளைக்கோஜனே காலி. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியாக வேண்டும். நினைவில்லாதவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவது மட்டும் கூடவே கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

சுகர் மாத்திரையான மெட்பார்மின் ஃபாஸ்டிங்கைக் குறைப்பதும் பெரும்பாலும் கல்லீரல் உற்பத்தியை அடக்கித்தான். எப்படி அடக்குகிறது என்ற வாதம் ஓயவில்லை. செல்லில் சக்தி குறையும்போது கூடும் ஏஎம்பி (சைக்ளிக் ஏஎம்பி வேறு) உயர்ந்து மேலே சொன்ன பிஸ்பாஸ்பேட்டேஸ் தடைபடுகிறது என்பது ஒரு கட்சி.

மெஷின் மீது ஏன் பழி போட வேண்டாம் என்றால், லேபில் நடக்கும் பிழை வேறு பக்கம் சாயும். குழாயில் எடுத்த ரத்தத்தில் செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைத் தின்றுவிடும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடிக் குழாயில் ஃப்ளோரைடு. ஆனால் அது தடுக்கும் ஈனோலேஸ், குளுக்கோஸை உடைக்கும் நொதி வரிசையில் கடைசிப் பக்கத்தில் இருப்பது. முதல் ஒன்றிரண்டு மணி நேரம் அதன் பலன் சரியாகத் தெரியாது. மே மாத வெயிலில் வீட்டுக்கு வந்து எடுத்த ரத்தம் தாம்பரத்திலிருந்து அண்ணா நகர் வரை பைக்கில் சுற்றினால் 148 என்பது 140 ஆகலாம், 156 ஆகாது.

காலை எண் மட்டும் அடம்பிடித்தால் இரண்டு மூன்று நாள் வீட்டுக் குளுக்கோமீட்டரில் படுக்கும்போது, அதிகாலை 3 மணிக்கு, எழுந்தவுடன் காபிக்கு முன் என்று பார்த்து எழுதி வையுங்கள். படுக்கும்போதே அதிகம் என்றால் ராத்திரிச் சாப்பாட்டைப் பாருங்கள். 3 மணி வரை சரியாக இருந்து பிறகு ஏறினால், விடியலில் சுரக்கும் கார்ட்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் கல்லீரலை உசுப்புகின்றன. ராத்திரி இட்லியை இரண்டிலிருந்து ஒன்றாக்குவதில் பெரிய பலன் இருக்காது. 3 மணிக்கு 70-க்குக் கீழே என்றால் உடனே மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற சுகர் மாத்திரை எடுப்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை சட்டென்று வேலை செய்யாது. அதை உடைக்கும் குடல் நொதியைத்தான் அந்த மாத்திரை கட்டிப் போட்டிருக்கிறது. அடுத்த வேளை மாத்திரைக்கு முன் டாக்டருக்கு ஒரு போன்.