பழசு கெட்டுத்தான் போச்சா?

"பழசு கெட்டுத்தான் போச்சா தம்பி?" என்று ஆச்சி கேட்டார்கள். "ஆமா ஆச்சி, அதோட வேலை முடிஞ்சுருச்சு" என்றேன். இவ்வளவுதான் பேச்சு. நான் கார் மெக்கானிக். பழசு என்றது, அவர்கள் காரிலிருந்து நான் கழற்றிய சென்சாரை.

அப்போது நான் சொன்னது பொய் இல்லை. உண்மை என்றும் எனக்குத் தெரியாது. அதுதான் சிக்கல்.

கானாடுகாத்தானில் அந்தக் கார் மாசக்கணக்காக வெயிலும் தூசியும் தின்றுகொண்டு நின்றது. மறுநாள் படைப்பு, அதாவது முன்னோருக்குப் படைக்கிற குடும்ப விசேஷம். வெளியூர்ச் சனத்தைக் கூட்டிவரக் கார் வேண்டும். செல்ஃப் நன்றாக அடித்தது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை. பெட்ரோல் பம்ப் சத்தம் கேட்டது. பழுது பார்க்கும் ஸ்கேனரைப் போட்டுச் செல்ஃப் அடிக்கச் சொன்னால் ஆர்பிஎம் (என்ஜின் சுற்றும் வேகம்) பூஜ்யத்திலேயே நின்றது. கூடவே பி0335 என்ற பழுதுக் குறியீடு, எங்கள் பாஷையில் 'கோடு'. என்ஜின் சுற்றுவதே காரின் கம்ப்யூட்டருக்குத் தெரியாவிட்டால் அது எப்படித் தீப்பொறி கொடுக்கும்? என்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கிராங்க் சென்சார்தான் கெட்டது என்று முடிவு கட்டினேன்.

ஆனால் அந்தக் கோடு சொல்வது 'சென்சார் சர்க்யூட்'. வயர், வயரைச் சென்சாரோடு இணைக்கும் கப்ளர், அதன் பின் எல்லாம் அதற்குள் அடக்கம். இது எனக்குத் தெரியும். பையில் மீட்டரும் இருந்தது. இரண்டு வயர் சென்சார், உள்ளே வெறும் செம்புச் சுருளும் காந்தமும். கப்ளரைக் கழற்றி சென்சாரின் இரண்டு பின்னுக்கும் நடுவே ஓம்ஸ் (மின்தடை) பார்க்க ஒரு நிமிடம் ஆகும். (உள்ளே மின்சுற்று உள்ள மூன்று வயர் ஹால் சென்சாராக இருந்தால் இப்படிப் பார்க்கக் கூடாது, அதற்குரிய வோல்ட் வருகிறதா என்றுதான் முதலில் பார்க்கவேண்டும்.) அந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் செலவு செய்யவில்லை. புதுச் சென்சார் கையில் இருந்தது. மாற்றினேன். முதல் செல்ஃபிலேயே பிடித்துக்கொண்டது.

"பழசக் குடுத்துட்டுப் போப்பா" என்றார்கள். அந்தச் செட்டிநாட்டு வீடுகளில் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள். "அது எதுக்கு ஆச்சி, குப்பை" என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன்? அப்போதே உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்திருக்கவேண்டும்.

காரைக்குடிக்குத் திரும்பிப் பட்டறையில் மீட்டரை வைத்தேன். 870 ஓம்ஸ். அந்த வகைக்கு அது நல்ல அளவு. சூட்டில் அறுந்துபோகிற சுருள் உண்டு, குளிர்ந்தால் சேர்ந்துகொள்ளும். அதனால் கொதிநீரில் முனையை வைத்துப் பார்த்தேன். ஆயிரத்தைத் தாண்டியது, சூடானால் ஓம்ஸ் கூடுவது செம்பின் குணம். அறுபடவில்லை. மீட்டரை ஏசி வோல்ட் அளவில் வைத்து, முனைக்கு முன்னால் ஸ்குரூ டிரைவரை ஆட்டினால் மில்லிவோல்ட் துள்ளியது.

அப்புறம்தான் கப்ளர் நினைவுக்கு வந்தது. பின்னில் பச்சைக் களிம்பு. புதுசை மாட்டுமுன் பழக்கதோஷத்தில் கிளீனர் அடித்துத் துடைத்திருந்தேன். அப்படியானால் காரை ஓடவைத்தது எது? சென்சாரா, அந்த ஐந்து ரூபாய் கிளீனரா?

என் பக்க நியாயமும் உண்டு. சுருள் சரியாக இருந்தும், வண்டியில் ஆட்டமும் சூடும் சேரும்போது காலை வாரும் சென்சாரைப் பார்த்திருக்கிறேன். பழசையே காரில் விட்டுவிட்டு வந்து, படைப்பன்று வழியில் நின்றிருந்தால் யாரைத் திட்டியிருப்பார்கள்? புதுசு போட்டதில் தப்பில்லை. "துடைச்சேன், சரியாயிருச்சு" என்று இருநூறு வாங்கிக்கொண்டு வந்தால் எனக்கே தூக்கம் வந்திருக்காது. சரி. ஆனால் "சந்தேகத்துக்கு மாத்தியிருக்கேன் ஆச்சி" என்று சொல்ல வாய் வலிக்குமா என்ன? அதைச் சொன்னால் பில்லில் பேரம் பேசுவார்கள் என்ற கணக்கும் மனசில் ஓடியிருக்கும்.

பட்டறைப் பையனிடம் இப்போது சொல்கிறேன், ஸ்கேனர் காட்டுற கோடை மட்டும் பார்த்துப் பொருளை மாத்தாதே, மீட்டரை எடு என்று. போன வாரம் ஒரு கேம் சென்சாரை (என்ஜினில் கேம் ஷாஃப்ட் சுற்றுவதைப் பார்க்கும் சென்சார்) நானே அளக்காமல் மாற்றினேன். அவசரம்.

பழசு இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது. தை மாசம் அந்தக் கார் ஆயில் மாற்ற வந்தது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். ஒரு போல்ட்டைக் கழற்றிப் பழசை மாட்டிச் செல்ஃப் அடித்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆயிலை மாற்றினேன், பில்டரை மாற்றினேன், பானெட்டை மூடினேன்.