நூஹவுன் நிலவறையும் கிறீன்லாந்து முகங்களும்

டென்மார்க் நாட்டவர் ஒரு காலத்தில் திருகோணமலைக்கு வந்து போனார்கள் என்பது எங்கள் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. 1620 இல் ஓவே யெட்டே என்ற தளபதியின் கப்பல்கள் இந்தத் துறைமுகத்தில் நங்கூரமிட்டன. கண்டி மன்னன் செனரத்துடன் எதிர்பார்த்த உடன்பாடு கைகூடாமற் போக, தஞ்சை நாயக்கரிடமிருந்து கிடைத்த தரங்கம்பாடியே அவர்களுக்கு நிலைத்தது. டென்மார்க்கின் பச்சை குத்தும் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது, அதுவும் பெரும்பகுதி துறைமுகத்தின் கதையாகவே இருந்ததால், 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்த ஊரில் வளர்ந்த எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை.

கொப்பன்ஹேகனில் நூஹவுன் என்றொரு கால்வாய் இருக்கிறது. ஐந்தாம் கிறிஸ்டியன் மன்னன் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கும் வண்ண வீடுகளின் வரிசை, அன்று மாலுமிகளும் மதுச்சாலைகளும் நிறைந்த, மரியாதையுள்ளவர்கள் தவிர்த்த தெரு. அங்கே 17 ஆம் இலக்கக் கட்டடத்தின் நிலவறைக்குப் படியிறங்கிச் சென்றால், பல தலைமுறையாகப் பச்சை குத்தும் தொழில் நடந்த சிறிய கடை. சுவரெங்கும் நங்கூரம், தகைவிலான் குருவி, பாய்க்கப்பல், பெயர் எழுதிய இதயம் என மாதிரிப் படங்கள் ஒட்டப்பட்டிருக்கும். வந்தவன் விரலால் சுட்டிக் காட்டினால் போதும், பேச்சுக்கு அதிக வேலையில்லை. மாலுமியின் மொழி எதுவானாலும் வியாபாரம் நடக்க வேண்டும் அல்லவா? நியூயோர்க்கில் சாமுவேல் ஓரைலி 1891 இல் மின்சாரப் பொறிக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, கையால் குத்தும் வேலைக்குப் பிடித்த நேரம் வெகுவாகக் குறைந்தது. அதனால்தான் கப்பல் துறையில் தங்கும் சொற்ப நேரத்துக்குள் இந்தத் தொழில் பிழைக்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தெருவில் பெயர் பெற்றவர் டுஷ் ஹான்ஸ். அவருக்குப் பின்வந்தவர்களில் டாட்டூ ஓலே என்று எல்லோரும் அழைத்த ஓலே ஹான்சனின் பெயரே இன்றுவரை கடையோடு ஒட்டியிருக்கிறது.

டென்மார்க்கின் பச்சை என்றதும் எல்லோரும் முதலில் காட்டுவது ஒன்பதாம் பிரெடெரிக் மன்னனைத்தான். 1947 முதல் 1972 வரை ஆண்டவர். இளமையில் கடற்படையில் பயின்றவர், மார்பிலும் கைகளிலும் நிறையக் குத்திக்கொண்டவர். 1951 இல் அமெரிக்காவின் லைஃப் சஞ்சிகை, சட்டையில்லாத மன்னனின் படத்தை வெளியிட்டது. அவருக்குக் குத்தியவர் தாமே என்று சொல்லிக்கொண்டவர்கள் ஒருவரல்லர். லண்டனின் ஜோர்ஜ் பேர்ச்செட்டும் தம் வாடிக்கையாளர்களில் அவரைச் சேர்த்துக்கொண்டார். மன்னனே குத்தியிருந்தும் நாடு தளர்ந்துவிடவில்லை. அவர் ஆட்சியிலேயே, 1966 இல் வந்த சட்டம் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பச்சை குத்துவதைத் தடை செய்தது. தலை, கழுத்து, கை விரல்கள் உட்பட மணிக்கட்டுக்குக் கீழான பகுதி ஆகிய இடங்களையும் விலக்கியது. உடுப்பால் மறைக்க முடியாத இடங்கள் எவையென்று பார்த்தாலே அந்தச் சட்டத்தின் மனம் புரியும்.

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மச்சாளின் மகன் முழங்கைக்குக் கீழே ஒரு வேல் குத்தியிருந்தான். பெரியம்மா அதைத் தடவிப் பார்த்து, “இது அழியாதே, தம்பி? என்ர அம்மாவுக்கும் கையில கோலம் இருந்தது, குறத்தி குத்தினது” என்றார். அவன் அதை நம்பவில்லை. பச்சை ஐரோப்பாவிலிருந்து வந்தது என்றே அவன் எண்ணியிருந்தான்.

ஐரோப்பியக் கணக்கில் பார்த்தாலும் அது சரியில்லை. டென்மார்க் அரசின் கீழுள்ள கிறீன்லாந்தில், கிலாகிற்சோக் என்ற இடத்தில் 1972 இல் சகோதரர் இருவர், குளிரில் உலர்ந்து கெடாதிருந்த எட்டு உடல்களைக் கண்டெடுத்தார்கள். ஆறு பெண்கள், இரண்டு குழந்தைகள். ஏறத்தாழ 1475 ஆம் ஆண்டினர். கறுத்துச் சுருங்கிய தோலில் வெறுங்கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கோடுகள் அகச்சிவப்புப் படத்தில் வெளிப்பட்டன. அந்த ஆறு பெண்களில் ஐவரின் முகங்களில் பச்சை இருந்தது. கிறீன்லாந்தின் பூர்வகுடிகளான இனுயிட் பெண்கள் விளக்குக் கரியில் தோய்த்த விலங்கு நரம்பு இழையை ஊசியில் கோத்து, தோலுக்கடியால் தையல் போலவே இழுத்தெடுப்பார்கள். இழை வெளியே வரும்போது கரி உள்ளே தங்கிவிடும். மன்னனின் மார்பைவிட இந்த ஐந்து முகங்களே இந்த வரலாற்றில் எடை கூடியவை என்பது என் கருத்து.

அந்த முகக் கோடுகள் மறைந்த விதத்தில் எங்களுக்கும் அறிமுகமான பெயரொன்று வருகிறது. மிஷனரி சீகன்பால்குவை 1706 இல் தரங்கம்பாடிக்கு அனுப்பிய அதே நான்காம் பிரெடெரிக் மன்னனின் ஆதரவோடுதான் ஹான்ஸ் எகெடே என்ற மிஷனரி 1721 இல் கிறீன்லாந்து போய் இறங்கினார். தரங்கம்பாடியில் அந்த மிஷன் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது; கிறீன்லாந்தில் மிஷனரிகள் முகக் கோடுகளைப் பழைய மதத்தின் அடையாளமாகக் கண்டார்கள், காலப்போக்கில் வழக்கம் அற்றுப்போனது.

இப்போது அது திரும்பியிருக்கிறது. கிறீன்லாந்தைச் சேர்ந்த மாயா சியாலுக் யாகப்சன் பழைய கோலங்களை ஆராய்ந்து, பொறி இல்லாமல் கையாலும் இழையாலும் குத்துகிறார். கனடாவிலிருந்து வந்த கொலின் டேலும் கொப்பன்ஹேகனில் இதே முறைகளைக் கையாண்டவர். பெரியம்மா சொன்ன குறத்தியின் கரி எப்படித் தயாரானது என்பதற்கு, தமிழகக் குறவரைப் பற்றிய பழைய பதிவுகளில் விடையுண்டு: அகத்தியிலையையும் மஞ்சள் தூளையும் அரைத்துத் துணியில் பொதிந்து திரியாக எரித்து, அந்தப் புகைக்கரியை எடுத்தார்கள். இதைச் சொன்னதும் மச்சாளின் மகன் அம்மம்மாவின் கோலம் எப்படியிருந்தது, எத்தனை புள்ளி என்று பெரியம்மாவைக் கேட்கத் தொடங்கினான். அவருக்கு வெளிச்சுற்று மட்டுமே நினைவிருந்தது; அதை ஒரு பழைய கொப்பியின் பின்பக்கத்தில் வரைய வைத்து, படமெடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.