விமானி இல்லாத விமானத்துக்கு யார் வழிவிடுவது?

விமானப்படையும் பயணிகள் விமானங்களும் பகிர்ந்துகொள்ளும் ஓடுபாதை வாவியோரத்தில் இருக்கும் மட்டக்களப்பில் வாழ்வதாலோ என்னவோ, இராணுவ ட்ரோன்களை நெரிசலான வான்பரப்பில் எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று அடிக்கடி தேடி வாசிப்பேன். இலங்கைப் போர்க்காலத்தில் வன்னிச் சனம் ‘வண்டு’ என்றழைத்த வேவு விமானங்களுக்குப் போட்டியாகப் பயணிகள் விமானங்கள் அந்த வானில் பறக்கவில்லை. காபூலின் நிலை வேறு. 2004 ஆகஸ்டில் ஜேர்மன் இராணுவத்தின் லூனா ட்ரோன் ஒன்று, ஆப்கான் நிறுவனத்தின் பயணிகள் விமானத்தை மயிரிழையில் தவறவிட்டு, அதன் காற்றுச் சுழலில் சிக்கி விழுந்தது. 2011 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஷேடோ ட்ரோனும் சி-130 சரக்கு விமானமும் ஆப்கான் வானில் மோதியே விட்டன. இறக்கை சேதமுற்ற சரக்கு விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது.

உயரத்தையும் நேரத்தையும் பிரித்துக் கொடுப்பதே பழைய வழி. ஆனால் ஹெலிகொப்டரும் சிறு ட்ரோனும் ஒரே தாழ்ந்த உயரத்தையே நாடுவதால் அது எளிதில் குழம்பிவிடுகிறது. என்னைக் கேட்டால், தொடர்பு அறுந்த ட்ரோன்தான் பெரிய தலையிடி. முன்கூட்டியே பதிந்துவைத்த வழியில் அது தானாகவே ஓரிடத்துக்குப் போய் வட்டமிடும். அந்த வழியும் உயரமும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவருக்கு முன்னரே தெரிந்திருந்தால்தான் மற்ற விமானங்களை அவர் விலக்க முடியும். தன் இருப்பைச் சொல்லும் ட்ரான்ஸ்பொண்டரை இரகசியம் கருதி இராணுவம் அணைத்துவிட்டால், அவர் அரைக்குருடர்தான். கல்லடிப் பாலத்தின் மேல் கலியாணப் படம் பிடிக்கும் ட்ரோன்களிலோ அந்தக் கருவி பொதுவாக இருப்பதே இல்லை.