தொரட்டிக் கோலில் ஒரு கீறல்

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்பில் இருக்கும் குட்டை ரகத் தென்னைகளுக்காக, ஆறடி நீளத்தில் எடை குறைந்த தொரட்டிக் கோல் ஒன்றை ஃபைபர் கிளாஸில் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கார்பன் ஃபைபர் இன்னும் விறைப்பானதுதான். ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும், தோப்புக்குள் கரண்ட் கம்பி போகிறது. அதனால் அதைத் தொடவில்லை.

முதல் கோலுக்கு, 50 மி.மீ. பிவிசி பைப்பின் மேல் நெய்த கிளாஸ் துணியை எப்பாக்ஸி பிசின் தடவிச் சுற்றினேன். சுவர் 1.5 மி.மீ. வந்தது. மறுநாள் பைப்பு கழலவே இல்லை. கிளாஸ் சுவரில் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டுப் பைப்பை உருவினேன். கீறலின் வாய் மூடித்தான் இருந்தது. மேலே டேப் சுற்றி, அரிவாள் மாட்டிக் கொடுத்தேன். காய் பறிக்கும் அண்ணன் ஒரே இழுப்பில் சொல்லிவிட்டார்: "கோல் வளையலீங்க தம்பி, முறுக்கிக்குது. அருவா அந்தப்பக்கம் திரும்பிக்குது பாருங்க."

விஷயம் அதேதான். மூடிய குழாயை முறுக்கினால் விசை சுவர் வழியே முழு வட்டமும் சுற்றி வரும். கீறல் இருந்தால் அந்தச் சுற்று அறுந்து, மெல்லிய சுவரின் தடிமனுக்குள்ளேயே போய்த் திரும்ப வேண்டியிருக்கும். மூடிய குழாய்க்கான சூத்திரத்தை ஜெர்மன் பொறியாளர் ருடால்ஃப் பிரெட் 1896-இலேயே எழுதிவிட்டார். சராசரி ஆரத்தைச் சுவர்த் தடிமனால் வகுத்து, வர்க்கமாக்கி, மூன்றால் பெருக்கினால் கீறியதைவிடக் கீறாத குழாய் எத்தனை மடங்கு விறைப்பு என்று தெரியும். என் கோலுக்கு ஏறத்தாழ 880!

நம்ப முடியாமல் அளந்தே பார்த்தேன். வைஸில் (பட்டறைப் பிடிப்பானில்) நசுங்காமலிருக்க உள்ளே மரக்கட்டை அடைத்து, ஒரு மீட்டர் வெளியே விட்டு, நுனியில் 30 செ.மீ. குச்சி ஒன்றைக் கைபோலக் குறுக்கே கட்டினேன். கீறிய கோலில் 100 கிராம் தொங்கவிட்டதற்கே கை அரைச்சாண் இறங்கியது. பைப்புக்கு மெழுகு பூசி, பாலித்தீன் சுற்றிச் செய்த இரண்டாவது கோல் முழுசாக உருவி வந்தது. அதில் 5 கிலோவுக்கும் 7 மி.மீ.தான்.

மூன்றாவதில் துணியைக் கோணலாக, 45 டிகிரியில் வெட்டிச் சுற்றினேன். முறுக்கு இழைகளை மூலைவாட்டில்தான் இழுக்கிறது. அதே 5 கிலோவுக்கு 4 மி.மீ. ஆனது. ஆனால் வளைவுக்கு நீளவாட்டு இழையும் வேண்டும். உடுமலைப் பக்கம் சுழலும் காற்றாலை இறக்கைக்குள்ளும் இந்தப் பங்கீடுதான்: மேலும் கீழும் நீள இழைப் பட்டைகள், நடுச்சுவரில் மூலைவாட்டு இழைகள்.

நான்காவது கோலில் இரண்டும் உண்டு. அழுத்தி வளைத்தால் மட்டும் நடுவில் வட்டம் சப்பையாகிறது. மூங்கிலுக்குக் கணு இருப்பது இதற்கும்தானே! அடிக்கு ஒன்றாகக் குறுக்கே நார்ப்பட்டை சுற்றி நேற்று காயவைத்திருக்கிறேன்.